பழைய ஊர் எப்படிப் பழசாகவே இருக்கிறது? மானகிரியிலிருந்து ஒரு நாள்

எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த தயக்கங்களையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்துவிட்டேன், மற்றபடி அப்படியே இருக்கிறது.

போன வருஷம் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில் இருந்தேன் என்று முன்னாடியே சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீமில் எல்லாரும் சேர்ந்து "நாளைக்கு ரோட்டன்பூர்க் போய்ட்டு வா" என்று துரத்திவிட்டார்கள். காலையில் ரயில் ஏறி, ஷ்டைனாக் என்கிற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ஒரு குட்டி வண்டியில் மாறிப் போனேன். ஊரைச் சுற்றி மதில். மதிலுக்கு மேலேயே நடந்து போகலாம், தலைக்கு மேல் ஓட்டுக்கூரை வேறு. உள்ளே கல் பாவிய தெரு, மரச்சட்டம் வெளியே தெரிகிற வீடுகள், கடைக்கு முன்னால் தொங்குகிற இரும்புப் பலகைகள்.

"இந்த ஊருக்கு 400 வருஷமா அப்டேட்டே வரல" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். பத்து நிமிஷத்தில் அம்மாவிடமிருந்து பதில்: "கானாடுகாத்தானை ஒரு தடவையாவது ஒழுங்கா பார்த்திருக்கியாடா?"

பார்த்ததில்லை. இத்தனைக்கும் அம்மாவுக்குச் சொந்த ஊர் மானகிரி. காரைக்குடியிலிருந்து மதுரை போகிற ரோட்டில் இருக்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். சின்ன வயசில் ஒவ்வொரு மே மாதமும் தாத்தா வீட்டில்தான் இருப்பேன். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் கூட்டிப் போவார்கள், அவ்வளவுதான் டூர். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அரண்மனை மாதிரி வீடுகள் வரிசையாக நிற்பது எனக்கு சினிமா வழியாகத்தான் தெரியும். கூட்டுக்குடும்பம், அருவா, கல்யாண சீன் என்றாலே அந்த வீடுதானே!

அதனால் இந்தப் பொங்கல் லீவில் ஒரு முழு நாளை ஒதுக்கினேன். தாத்தாவின் பழைய பைக், காலேஜில் ரூம்மேட்டாக இருந்த ஒரு நண்பன், காலை ஆறரை மணி. நண்பனுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் ஒன்றில் பூர்வீக வீடு இருக்கிறது. அவன் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஏன் என்று பின்னால் புரியும்.

முதலில் ரோட்டன்பூர்க் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நாள் முழுக்க அது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

நடுக்காலத்தில் அது நல்ல பணக்கார ஊர். யாருக்கும் கப்பம் கட்டாமல், பேரரசருக்கு மட்டும் நேரடியாகக் கட்டுப்பட்ட தனி நகரம். 1618-ல் தொடங்கி 30 வருஷம் நடந்த போரில், 1631-ல் டில்லி என்கிற தளபதியின் படை ஊரைப் பிடித்தது. அடுத்து கொள்ளைநோய். போர் முடியும்போது ஊரில் ஆளும் இல்லை, பணமும் இல்லை. பணம் இருந்த ஊர்களில் எல்லாம் பழைய வீட்டை இடித்துப் புது ஃபேஷனில் கட்டினார்கள், மதிலை உடைத்து ரோடு போட்டார்கள். இவர்களிடம் அதற்கு வசதி இல்லை. 200 வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து பார்த்துவிட்டு "அடடா!" என்றார்கள். அதற்குப் பிறகுதான் அது 'பாதுகாக்கப்பட்ட ஊர்'.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் பழைய ஊரில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விட்டது. இன்று நாம் செல்ஃபி எடுக்கிற நிறைய வீடுகள் அதற்குப் பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டியவை. மதில் மேல் நடக்கும்போது சுவரில் வரிசையாகக் கல்வெட்டு மாதிரிப் பெயர்கள் இருக்கும். மதிலைச் சரிசெய்யப் பணம் கொடுத்தவர்கள், பல நாட்டுக்காரர்கள். நம்ம கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிற அதே சமாச்சாரம்.

ஆக, ஏழ்மையால் மிஞ்சிய ஊர் அது. மிஞ்சியதை வைத்துக்கொள்வது என்று பிற்பாடு ஊராக ஒரு முடிவெடுத்தார்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பைக்குக்கு வருவோம். மானகிரியிலிருந்து வடக்கே கிளை ரோட்டில் போனால் ஆத்தங்குடி. பனி இன்னும் இறங்கியபடி இருந்தது. தரைக்கல் செய்கிற பட்டறை ஒன்றில் முதலில் நிறுத்தினோம். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நெருப்பே கிடையாது. தரையில் ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ டிசைன் தகடு. தகட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். தகட்டை அலுங்காமல் தூக்குகிறார். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக்கலவை போட்டுத் தட்டி மட்டம் பண்ணி வைத்துவிடுகிறார். காய்ந்ததும் சில நாள் தண்ணீரில் ஊறும். கண்ணாடி தானாக விட்டுவரும். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் வந்துவிடும், பாலிஷ் மிஷினுக்கு வேலையே இல்லை. "நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் தம்பி, பூட்டி வெச்சா மங்கிடும்" என்றார். தரைக்கல்லைப் பற்றிச் சொன்னார். நண்பன் முகம் கொஞ்சம் மாறியது.

அங்கேயே லட்சுமி வீடு என்கிற பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகிறார்கள். கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அதை வர்ணிப்பதை விட, இந்த வீடுகள் எப்படி வேலை செய்தன என்று சொல்கிறேன், எனக்கு அதுதான் பிடித்தது.

தெருவிலிருந்து படியேறினால் திண்ணை. அடுத்து முகப்பு, ஆண்கள் உட்கார்ந்து வரவு செலவு பேசிய இடம். பெரிய நிலைக்கதவைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றித் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, சமையலுக்கென்று இன்னொரு கட்டு, அப்புறம் பின்வாசல், அது அடுத்த தெருவில் திறக்கும். முன்வாசலில் நின்றால் பின்தெருவில் போகிற சைக்கிள் தெரியும். கூரையில் விழுகிற மழை முற்றத்துக்கு வரும். ஊருக்குப் பொதுவாக ஊருணிகள். இது வறண்ட பூமி, சொட்டுத் தண்ணீரையும் கணக்குப் பண்ணித்தான் ஊரையே அமைத்திருக்கிறார்கள். வீடுகள் எல்லாம் உயரமான மேடையில் நிற்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதால் கிளம்பி வந்தவர்கள், அந்தப் பயம்தான் காரணம் என்று ஒரு கதை சொல்வார்கள்.

வளவைச் சுற்றியிருக்கும் அந்த அறைகள் கல்யாணமான மகன்களுக்கு, ஆளுக்கு ஒன்று. ஒரே கூரைதான், ஆனால் அடுப்பு தனி, கணக்கு தனி. ஒவ்வொரு கல்யாணமான ஜோடியும் ஒரு 'புள்ளி'. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். சினிமாவில் காட்டுகிற மாதிரி ஒரே பானையில் ஐம்பது பேருக்குச் சோறு என்பது விசேஷ நாளில் மட்டும். மற்ற நாளில் அது, எங்க பெங்களூர் பாஷையில் சொன்னால், அசோசியேஷன் இல்லாத அபார்ட்மெண்ட்.

இவ்வளவு பெரிதாகக் கட்டப் பணம் எங்கிருந்து? நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித் தொழிலும் வணிகமும் செய்தவர்கள். இலங்கை, மலேயா, சைகோன், எல்லாவற்றுக்கும் மேலாக பர்மா. 1852 போருக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் கையில் வந்த கீழ் பர்மாவில் காட்டை அழித்து நெல் போட்டார்கள். விவசாயிக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார பேங்குகள் தயாராக இல்லை. இவர்கள் கொடுத்தார்கள். ஏஜெண்டுகள் மூன்று வருஷத் தவணையில் போய் வருவார்கள், குடும்பம் இங்கே இருக்கும். திரும்பி வரும்போது பர்மா தேக்கு கப்பலில் வந்தது, இத்தாலியிலிருந்து பளிங்கு வந்தது, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1930-கள் வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். கானாடுகாத்தானில் நாங்கள் அடுத்து போய் நின்ற ராஜா அரண்மனை 1912-ல் வந்தது. அன்றைக்கு அதை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது, வெளிச்சுவரே போதும் என்கிற அளவுக்கு நீளம்.

அப்புறம் நின்றுபோனது. 1930-ல் உலக மந்தம், நெல் விலை சரிந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானமாக இருந்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் அவர்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1937 வாக்கில் சுமார் 25 சதவீதம். இது லாபம் மாதிரித் தெரியும். இல்லை. அவர்களுக்கு வேண்டியது பணம், கையில் வந்தது விற்க முடியாத நிலமும் ஒரு நாட்டின் கோபமும். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் நிலத்திலேயே குத்தகைக்காரனாக ஆனவனுக்கு உலக மந்தத்தைப் பற்றி என்ன கவலை? 1942-ல் ஜப்பான் படை வந்தது. கப்பல் கிடைத்தவர் கப்பலில், கிடைக்காதவர் அஸ்ஸாம் காடு வழியாக நடந்து வந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. கணக்குப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் வெறும் எழுத்தாகப் போனது.

பைக்கை ஒரு ஊருணிக் கரையில் நிறுத்தி இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ரோட்டன்பூர்க்குக்கு 1631, செட்டிநாட்டுக்கு 1942. இரண்டு ஊரும் பணம் நின்ற இடத்தில் நின்றுபோயின. இடித்துக் கட்டக் காசு இல்லாததால் அழகு மிச்சம்.

நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "வா மாப்ள, எங்க வீட்டைக் காட்டுறேன்" என்றான்.

பூட்டைத் திறந்தது தெருவில் குடியிருக்கிற ஒரு அம்மா, வாட்ச்மேன் வேலையும் அவர்தான். வீட்டுக்குள் ஒரே ஒரு ஆள், அவன் அப்பாவின் அத்தை, எண்பது தாண்டியவர். ஒரு பக்க அறையில் தனியாக இருக்கிறார். "வாங்க தம்பி, காப்பி சாப்பிடுறீகளா?" என்று என்னையும் மரியாதையாகத்தான் கேட்டார். அந்தப் பக்கத்து ஆச்சிமார் சின்னப் பையனையும் ஒருமையில் பேசிப் பெரும்பாலும் நான் கேட்டதில்லை. "எங்க அப்பச்சி மோல்மீனுக்குக் கொண்டுவிக்கப் போனாக, நான் பொறந்தது இந்த அறையில" என்று கையைக் காட்டினார். அந்த அறைக்கு நேர் மேலே கூரையில் ஓட்டை. ஓடு சரிந்து, சுவரில் பச்சையாகப் பாசி. சுண்ணாம்புப் பூச்சு, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்தது என்பார்கள், கண்ணாடி மாதிரி இருந்தது, பாதிச் சுவரில் உப்பித் தொங்கியது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.

இப்போது கணக்கு. வீட்டைக் கட்டியவருக்கு மூன்று மகன்கள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதில் ஒருவர் வழியில் நான்கு வாரிசுகள், பங்கு பன்னிரண்டில் ஒன்று. அந்த நால்வரில் ஒருவர் நண்பனின் அப்பா, காலமாகிவிட்டார். அம்மா, அக்கா, இவன், மூன்று பேர். ஆக இவனுக்கு முப்பத்தாறில் ஒரு பங்கு. மற்ற கிளைகளும் இதே மாதிரிப் பிரிந்து, மொத்தம் 41 பேர். 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுக்கவும் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை வந்தது. வர வேண்டிய நியாயம்தான், எண்ணிக்கையும் அதோடு கூடியது. சென்னை, கோலாலம்பூர், டல்லாஸ், ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை.

வீட்டை விற்க 41 கையெழுத்து வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் நடக்காது. இத்தனை வருஷம் வீட்டைக் காப்பாற்றியது இதுதான். ஆனால் கூரையைச் சரிபண்ணவும் 41 பேர் பணம் போட வேண்டும். "நான் வருஷத்துக்கு ஒரு நாள்கூட வர்றதில்ல, நான் ஏன் தரணும்?" என்று ஒருவர் கேட்டால் அடுத்தவரும் கேட்பார். 41 பேர் அப்ரூவ் பண்ணினால்தான் மெர்ஜ் ஆகும் என்று ஒரு கோட் ரிவ்யூ இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான். மழைக்கு மட்டும் யார் கையெழுத்தும் தேவையில்லை.

இப்போது ஒரு வியாபாரி வந்திருக்கிறார். தூண், நிலை, கதவு, உத்தரம், எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி பண்ணித் தருவதாகச் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 30 பேருக்கு மேல் சரி என்றுவிட்டார்கள். நண்பனின் பங்குக்கு வரும் பணம் ஒரு நல்ல லேப்டாப் விலை. கூரையைச் சரிபண்ண அவன் பங்குக்குக் கேட்கிற பணம் அதைவிட அதிகம். அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் பெயர் வேண்டாம் என்றான் என்று இப்போது தெரிகிறதா?

மதியம் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள். டூரிஸ்டாகப் போனால் செம ஜாலியான இடம்: பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குவாளி, தஞ்சாவூர்ப் படம், ஒரு பர்மா லாக்கர் கூடை, மூக்குக்கண்ணாடிக் கூடு வரைக்கும். நானும் இரண்டு எனாமல் கிண்ணம் எடுத்தேன். உள்ளே போகப் போகத்தான் பெரிய சாமான் வரும். சுவரில் சாய்த்து வைத்த நிலைக்கதவுகள், கஜலட்சுமி செதுக்கியது, ஒன்றன் பின் ஒன்றாக. படுக்கவைத்த தூண்கள். நண்பன் ஒரு தூணின் சுற்றளவைக் கையால் அணைத்துப் பார்த்துவிட்டு "எங்க வீட்டுது இதைவிடப் பெருசு" என்றான். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வாங்காவிட்டால் பாதி விறகாகப் போயிருக்கும். அந்தத் தூண் ஏதோ ஒரு ரிசார்ட் வரவேற்பறையில் பத்திரமாக நிற்கும், அது பிறந்த ஊரில் மட்டும் நிற்காது.

ரோட்டன்பூர்க்கில் வேறு என்ன நடந்தது என்று சாயங்காலம் மானகிரி திரும்பும்போது யோசித்தேன். அங்கே காப்பாற்றும் அலகு ஊர். பவேரியா மாநிலத்துக்கு 1973-லிருந்து மரபுக் கட்டடச் சட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள உன் சொந்த வீட்டின் ஜன்னலை மாற்றவே அனுமதி வேண்டும். பதிலுக்கு, பழைய முறைப்படி பழுதுபார்க்கிற செலவுக்கு வருமான வரியில் கழிவு கொடுக்கிறார்கள். தலைவலியும் உதவியும் சேர்ந்து வருகிறது. இங்கே அலகு புள்ளி. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பு 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறியது, அதற்கு இங்கே சிலர் வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். தற்காலிகப் பட்டியல் என்பது நாடு கொடுக்கிற விருப்பப் பட்டியல்தான், ஒரு ஓட்டைக்கூட மாற்றித் தராது. ஹோட்டலாக மாறிய வீடுகள் நன்றாக இருக்கின்றன, கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் போய்ப் பாருங்கள். ஆனால் எல்லா வீடும் ஹோட்டல் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். ரோட்டன்பூர்க்கில் வருஷம் 365 நாளும் கிறிஸ்துமஸ் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. மெயின் தெருவில் அரை மணி நேரம் நின்றேன், பை தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிற உள்ளூர்ப் பாட்டி ஒருத்தரைக்கூடப் பார்க்கவில்லை. இங்கே வாளிக்குப் பக்கத்திலாவது ஒரு ஆச்சி இருக்கிறார்.

இன்னொன்றும் இங்கே இருக்கிறது, அங்கே இல்லாதது. கல்யாணம், படைப்பு என்றால் பங்காளிகள் பூர்வீக வீட்டுக்கு வந்தாக வேண்டும். டல்லாஸில் இருந்தாலும் வருவார்கள். பல வீடுகள் வருஷத்துக்கு ஒரு முறையாவது கூட்டி மெழுகித் திறக்கப்படுவது அதனால்தான். நண்பனுக்கு ஐடியா வந்தது ஆச்சி சொன்ன ஒரு வார்த்தையில். கிளம்பும்போது, "வீட்டையா கேக்குறேன்? படைப்புக்கு நனையாம உட்கார ஒரு மூலை போதும்" என்றார்.

போவதாக இருந்தால் இரண்டு விஷயம். தை, மாசி நல்ல நேரம், வெயில் தாங்கலாம். ஆத்தங்குடி, கானாடுகாத்தான், காரைக்குடி மூன்றும் ஒரு நாளில் நிதானமாக முடியும். பூட்டியிருக்கிற வீட்டுக்கு முன்னால் போட்டோ எடுக்கும்போது எதிர்த்திண்ணையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பேசுகிற அரை மணி நேரம் எந்த கைடிடமும் கிடைக்காது.

நண்பன் அன்றைக்கு ராத்திரியே எங்கள் மானகிரித் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கூகுள் ஷீட் போட்டான். மொத்தக் கூரை இல்லை, ஆச்சி அறைக்கு மேலே உள்ள பகுதி மட்டும். மரச்சட்டம், நாட்டு ஓடு, ஆள் கூலி, தனித்தனி வரிசை. குடும்ப குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். பயம்.

இதை ரெக்கார்ட் பண்ணும்போது 14 பேர் பணம் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் அனுப்பியது கோலாலம்பூரில் இருக்கிற, இவன் நேரில் பார்த்தே இராத ஒரு அக்கா. வியாபாரியின் பேப்பர் இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. ஓடு மாற்றுகிறவர் ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஐப்பசி மழைக்கு முன்னால்.